பண்ணைக்குட்டை வெட்டிய இடத்தில் எலித் தாடைகள்: பழசா, புதுசா?

காட்டுக்காரன்:
நொய்யல் பக்கம் நம்ம காடு. போன வாரம் பண்ணைக்குட்டை வெட்டும்போது ஐந்தடி ஆழத்தில், சுக்கான்கல் கலந்த மண்ணில், விரல்நக நீளத் தாடைகள் ஏழெட்டு கிடைத்தன. பல் அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு ஒட்டி, தொட்டால் கல்தான். பழங்கால ஊரைத் தோண்டியெடுத்த கொடுமணல் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு நப்பாசை. திருநீறு டப்பாவில் வைத்திருக்கிறேன், வீட்டில் ஒரே சத்தம். கல்லாய்ப்போன எலிங்களா இது?

கடலைக்கொடி:
நட்ட கடலையை ராவோடு ராவாகத் தோண்டித் தின்கிற வெள்ளெலிக்குத் திருநீறு டப்பாவா!

சல்லடை:
அண்ணா, நான் ஓர் அகழாய்வில் இரண்டு பருவம் மண் சலித்தவன். சுண்ணாம்பை நம்பாதீங்க, சுக்கான் மண்ணில் எது கிடந்தாலும் பூசிக்கொள்ளும். நம்ம பாறையும் பெரும்பாலும் பூமிக்கடியில் வெந்து உருமாறினது, அதற்குள் எலும்பு இருக்காது. கர்னூல் குகைகள் மாதிரி மண் தங்கின இடம் வேறு. அங்கே 1880களில் நிலவியலாளர் புரூஸ் ஃபுட்டும் அவர் மகனும் தோண்டி, சின்ன உயிர்களின் எலும்பையும் எடுத்தார்கள்.

முன்பல்லைப் பாருங்க. ஆரஞ்சு நிறத்தில் உளி மாதிரி வளைந்திருந்தால் எலி. எனாமல் என்கிற கெட்டியான பூச்சு முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் சீக்கிரம் தேயும், அதனால் முனை மழுங்காது. வெள்ளையாக, ஊசி ஊசியாக இருந்தால் மூஞ்சூறு. அது எலிச் சாதியே இல்லைங்க. கடைவாய்ப்பல்லில் குறுக்கே மேடு மேடாக இருந்தால் வெள்ளெலி. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் கிடைத்த ஆண்டெமஸ், சுமார் 1.4 கோடி வருசத்து எலி. அதைப் பிரித்து அறிந்ததும் கடைவாய்ப்பல்லை வைத்துத்தான்.

ஒரே இடத்தில் ஏழெட்டு என்றால் கூகை வேலையாக இருக்கலாம். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். இல்லையென்றால் வளை. வளைக்குள் செத்த நேற்றைய எலி 2000 வருசத்து மண்ணில் கிடக்கும். நாங்கள் சலித்த இடத்தில் தினமும் இதே சண்டைதான். குழிச் சுவரில் வேறு நிற மண் வட்டமாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது மண் மூடின வளையாக இருக்கும். உடைந்த சில்லு இருந்தால் தீயில் காட்டுங்க, முடி கருகும் வாசம் வந்தால் புதுசு.

காட்டுக்காரன்:
காட்டினேன் தம்பி. கோழி வாட்டுகிற வாசமேதான். சுவரில் மணிக்கட்டு அகலத்துக்குச் செம்மண் வட்டமும் இருக்கிறது. எல்லாம் ஆரஞ்சுப் பல். ஒரு தாடை மட்டும் வெள்ளைப் பல், கனமாக இருக்கிறது. அதன் சில்லைக் காட்டினால் வாசமே வரவில்லை.

சல்லடை:
அதைத் தனியாக வைங்க! எந்த ஆழத்தில் எடுத்தீங்க?

காட்டுக்காரன்:
அதுதான் தம்பி… ஜேசிபி கரையில் கொட்டின மண்ணில் பொறுக்கினது.