இடிக்குப் பிறகு ஏசி அவுட்டோர் ஓடவில்லை: கம்யூனிகேஷன் கோளாறு எந்த போர்டில்?

1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்த பிறகு இண்டோர் ஃபேன் ஓடுது, சில நிமிஷத்தில் கம்யூனிகேஷன் எரர் வருது.

இண்டோர் போர்டில் 471 வேரிஸ்டர் (அதிக வோல்ட் வந்தா போர்டைக் காப்பாத்துற பார்ட்) வெடிச்சு, 3.15 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. ரெண்டும் மாத்தியாச்சு. (வேரிஸ்டரை வெட்டிட்டு ஃபியூஸ் மட்டும் போடுங்கன்னு யாரும் சொல்லாதீங்க, அடுத்த இடிக்கு போர்டே போகும்.)

அவுட்டோரில் 230 வோல்ட் வருது. பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் டிசி, போர்டின் 15 வோல்ட், 5 வோல்ட் சப்ளையும் சரி. ஐபிஎம் (கம்ப்ரசரை ஓட்டுற பவர் மாட்யூல்) ஷார்ட் இல்லை. கம்ப்ரசர் மூணு வைண்டிங்கும் ஒரே ஓம்ஸ், பாடிக்கு லீக் இல்லை.

சிக்கல் இண்டோரும் அவுட்டோரும் பேசிக்கிற சிக்னல் வயர் லைனில்தான். நியூட்ரலுக்கும் அதுக்கும் நடுவில் டிசி வோல்ட் ஏறி இறங்கணும். இங்கே 24-லேயே அசையாம நிக்குது. அப்படின்னா லூப் எங்கேயோ ஓப்பன். வயரை ரெண்டு முனையிலும் கழட்டி கன்டினியூட்டி பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. நீள வயர் இடியின் சர்ஜை வாங்கி நேரா ஆப்டோகப்ளரில் (ஒளி வழியா சிக்னலைக் கடத்துற ஐசி) இறக்கியிருக்கும்னு சந்தேகம்.

ரெண்டு போர்டிலும் 817 ஆப்டோ எல்லாத்துக்கும் மீட்டரின் டயோடு டெஸ்டில் எல்இடி பக்கம் 1.1 வோல்ட் காட்டுது. டிரான்சிஸ்டர் பக்கம் செத்திருந்தா இந்த டெஸ்டில் தெரியாதே. கழட்டி 5 வோல்ட், 330 ஓம் கொடுத்துப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி, சீரிஸில் இருக்கிற டயோடு, ரெசிஸ்டர், ஆப்டோ, இதில் இடிக்கு முதலில் போறது எது? இண்டோரா அவுட்டோரான்னு போர்டைக் கழட்டாம பிரிச்சுக் காட்டுற வழி தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.