ஊர்க்காரர்கள் நடத்தும் சிறிய பனிச்சறுக்கு மலை: உறுப்பினராகச் சேரலாமா?

மேலூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் அக்கா குடும்பம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் குடியேறியிருக்கிறது. அங்கே ஊர்க்காரர்களே சங்கம் அமைத்து நடத்தும் சிறிய பனிச்சறுக்குச் சரிவு ஒன்று உள்ளது. இலையுதிர் காலத்தில் புதர் வெட்டவும், குளிர்காலத்தில் சீட்டுக் கொடுக்கவும் வருமாறு அத்தானை அழைத்திருக்கிறார்கள். சந்தா கட்டி உறுப்பினராகவும் சேரச் சொல்கிறார்கள். பனிப்பொழிவை நம்ப முடியாத இக்காலத்தில், விடுதிகளும் உணவகங்களும் கொண்ட பெரிய மலைகளே சிரமப்படும்போது, இத்தகைய சிறிய இடம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பனியையே கண்டிராத அக்காவின் பிள்ளைகளுக்கு அது பொருத்தமான இடமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திருநகர்க்காரர்:
அம்மா, வேலை நிமித்தமாக அம்மாநிலத்தில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயங்காமல் சேரச் சொல்லுங்கள்.

சிறிய மலை பிழைப்பதற்கு முதற்காரணம் அதன் செலவு குறைவு. கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே கொண்டுசெல்லும் நாற்காலி ஏற்றத்திற்குக் கோபுரங்கள், உருளைகள், ஆண்டுதோறும் சோதனை என்று பெரும்பணம் வேண்டும். கயிற்று இழுவைக்கோ சரிவின் மேலும் கீழும் சக்கரங்களும், இடைவிடாமல் சுற்றும் ஒரு கயிறும், அதை இழுக்கும் மோட்டாரும் போதும். சறுக்குபவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தம் சறுக்குப் பலகைகள் மீது நின்றபடியே மேலேறுவார். அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவை 1934இல் அதே வெர்மான்ட்டில், உட்ஸ்டாக் என்னும் ஊரில், ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில், ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சினைக் கொண்டு ஓட்டப்பட்டது. இன்றும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

உண்மையான சுமை செயற்கைப் பனிதான். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அவை தரையைத் தொடுமுன் உறைந்துவிடும். ஆனால் அதற்குக் குளிர் மட்டும் போதாது, காற்று உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரமான இரவில், வெப்பமானி உறைநிலைக்குச் சற்றுக் கீழே காட்டினாலும் பனி உருவாகாது. குளம், பம்பு, மின்கட்டணம் என்று செலவு ஏறுவதால், பல சிறிய மலைகள் இயற்கைப் பனியையே பெரிதும் நம்பி, அது விழாத வாரங்களில் மூடிவிடுகின்றன. கடன் இல்லாததாலும், வேலையைத் தன்னார்வலர்களே செய்வதாலும் அவ்வாறு மூடியிருப்பது அவற்றை வீழ்த்துவதில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். வெர்மான்ட்டின் ரிச்மண்ட் ஊரில் கோக்ரன் குடும்பம் 1961இல் தங்கள் வீட்டின் பின்புறச் சரிவில் ஒரு கயிற்று இழுவையை அமைத்தது. அங்கே பழகிய பார்பரா ஆன் கோக்ரன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். அந்தச் சரிவு இன்று இலாப நோக்கற்ற அமைப்பாக, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. குட்டையான சரிவில் ஒரு மாலைக்குள் பலமுறை ஏறி இறங்கலாம் என்பதே கற்பவருக்குப் பெரிய வசதி.

உசிலம்பட்டி விவசாயி:
மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் கண்மாய்க் கரையையும் மடையையும் ஊரார் கூடி மராமத்துப் பார்த்த காலத்தில், வேலைக்கு வந்தவர்களே தண்ணீர் முறை பற்றிப் பேசும் உரிமையும் பெற்றிருந்தார்கள். அந்த மலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறேன். வெர்மான்ட்டிலேயே மேட் ரிவர் க்ளென் என்ற மலையை 1995 முதல் சறுக்குபவர்களே பங்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். எனவே சந்தா கட்டுமுன், உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டா, வரவுசெலவுக் கணக்கு ஆண்டுக்கூட்டத்தில் வைக்கப்படுகிறதா என்று அத்தான் கேட்டறிய வேண்டும். புதியவர்கள் ஊராரோடு பழக அந்தப் புதர் வெட்டும் நாளைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

மேலூர் வாசகி:
இருவருக்கும் நன்றி. அக்காவிடம் படித்துக் காட்டினேன். சேர முடிவு செய்துவிட்டார்கள். முதல் நாளுக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்க வேண்டும்?

திருநகர்க்காரர்:
சறுக்குப் பலகையும் காலணியும் விலைகொடுத்து வாங்க வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு அவை அடுத்த ஆண்டே போதாமல் போகும். பருவம் தொடங்குமுன் பழைய பொருட்களை விற்கும் சந்தை பல ஊர்களில் நடக்கும், வாடகைக்கும் கிடைக்கும். தலைக்கவசம் மட்டும் புதிதாக இருக்கட்டும். கையுறை தோலால் ஆனதாக இருக்க வேண்டும். ஓடும் கயிறு துணிக் கையுறையை விரைவில் தேய்த்துவிடும். பெண் பிள்ளையின் பின்னலையும் கழுத்துத் துண்டையும் மேற்சட்டைக்குள் செருகிவிட வேண்டும், கயிற்றில் சிக்கினால் ஆபத்து. கயிற்றை உடனே இறுகப் பற்றாமல், முதலில் கைக்குள் நழுவவிட்டுப் பிறகு மெல்ல இறுக்கினால் தோள் வலிக்காது.