ராயல் பைதானுக்கு நான்கு அடி விவேரியம்: பெரிய இடம் உண்மையிலேயே அதைப் பயமுறுத்துமா?

ஹாரோவாசி எழுதியது:

வணக்கம். வேலைத்தலத்து நண்பர் ஒருவர் இங்கிலாந்தை விட்டுச் செல்வதால், அவர் வளர்த்த ராயல் பைதான் என்ற சிறிய வகை மலைப்பாம்பை அடுத்த மாதம் நான் பொறுப்பேற்க இருக்கிறேன். ஏழு வயதுப் பெண் பாம்பு. நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர், எடை 1.6 கிலோ. இதுவரை அது இழுப்பறை போன்ற தாழ்வான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், அடியில் ஹீட் மேட்டும் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) உள்ளே செய்தித்தாளுமாக இருந்திருக்கிறது. நான் நான்கு அடி நீளம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரம் கொண்ட மரப்பலகை விவேரியம் (ஊர்வன வளர்க்கும் கண்ணாடி முகப்புப் பெட்டி) வாங்க எண்ணியிருந்தேன். நண்பரோ, அவ்வளவு பெரிய இடத்தில் விட்டால் பாம்பு பயந்து இரை எடுப்பதை நிறுத்திவிடும் என்கிறார். எங்களுடையது பழைய வீடு. சனவரி இரவுகளில் முன்னறை 16 பாகைக்கு இறங்கிவிடும். எட்டு வயது மகளும் இருக்கிறாள். பழைய ஹீட் மேட்டையே பயன்படுத்தலாமா, வேறு என்ன தேவை என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

புற்றுக்கண் எழுதியது:

உங்கள் நண்பர் பார்த்தது பொய்யாக இருக்காது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. இந்தப் பாம்பை அச்சுறுத்துவது இடத்தின் அளவன்று, ஒளிந்துகொள்ள வழியில்லாத வெறுமை. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளிலும் தோட்ட நிலங்களிலும் இது பகலை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்துவிட்டு இரவில் வெளியே வந்து ஊர்ந்து திரிகிறது. சிறிய பாம்புகள் மரமேறிப் பறவைகளைப் பிடிப்பதும் உண்டு. ஆகவே "இது ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் பிராணி, பெட்டியே போதும்" என்ற வாதம் அதன் பகல் நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது.

பாம்பு முழு நீளத்துக்கும் உடலை நீட்ட முடியவேண்டும் என்பதுதான் நான் குறைந்தபட்சமாகக் கொள்ளும் அளவு. நான்கு அடி என்பது 1.2 மீட்டர்தான், உங்கள் பாம்புக்கு மட்டுமட்டாகப் போதும், இடமிருந்தால் ஐந்தடியே நல்லது. சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வையுங்கள். இரண்டும் ஒரே வாயில் கொண்டவையாக, உடல் சுவர்களில் உரசும் அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். மறைவிடம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், பாம்பு பாதுகாப்புக்காக வெப்பத்தையோ வெப்பத்துக்காகப் பாதுகாப்பையோ கைவிட நேரிடும். நடுவெளியைத் தக்கைமரப் பட்டைகளாலும் செயற்கை இலைக்கொடிகளாலும் நிரப்பி, எடையைத் தாங்கும் கிளை ஒன்றைக் குறுக்கே உறுதியாகத் திருகிவிடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நமக்குப் பாம்பு எளிதில் தென்படாவிட்டால் நன்றாக அமைத்திருக்கிறோம் என்று பொருள்.

மின்குமிழ் எழுதியது:

நான் வெப்பம் பற்றி மட்டும் எழுதுகிறேன்; 16 பாகை அறையில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம்.

ஹீட் மேட் தன்மேல் படும் பொருளைச் சூடாக்குமே தவிர, இரண்டடி உயரமுள்ள பெட்டியின் காற்றைச் சூடாக்காது. தாழ்வான பிளாஸ்டிக் பெட்டியில் அது ஓரளவு ஈடுகொடுத்தது; விவேரியத்தில் முடியாது. பெட்டித் தரையில் பரப்பும் தடிப்பான படுகைக்கு அடியில் வைத்தால் வெப்பம் அங்கேயே தேங்கிவிடும் ஆபத்தும் உண்டு. எனவே மேலிருந்து சூடாக்குங்கள். பகலில் ஹலோஜன் விளக்கு, இரவில் ஒளி தராத செராமிக் ஹீட்டர். சிவப்பு, நீல "இரவு விளக்குகள்" வேண்டாம். அந்த ஒளி பாம்புக்குத் தெரியாது என்ற கடைப்பேச்சை நம்பாதீர்கள்.

வெப்பம் தரும் எந்தக் கருவியும் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இயங்கக் கூடாது. ஹலோஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகையும், செராமிக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் பல்ஸ் வகையும் பொருந்தும். சூடான முனை 30 முதல் 32 பாகை, குளிர்ந்த முனை 24 முதல் 26 பாகை இருக்கட்டும்; இரவில் சற்றுக் குறைவதால் கெடுதல் இல்லை. தெர்மோஸ்டாட் காட்டும் அளவை மட்டும் நம்பாமல், இரு முனைகளிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானிகள் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் விளக்குக்கும் ஹீட்டருக்கும் கம்பிக் காப்புக்கூடு கட்டாயம். பாம்பு சூட்டைத் தேடி அவற்றைச் சுற்றிக்கொள்ளும். தோல் வெந்தாலும் சட்டென்று விலகாது.

விவேரியத்தைத் தரையிலோ சன்னலருகிலோ வைக்காதீர்கள். முன்கண்ணாடிக்குப் பூட்டும் வாங்குங்கள். மகள் இருப்பதால் மட்டுமல்ல, தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் உங்கள் பாம்பே கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிடும்.

நார்த்தூள் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை, ஆனால் ஈரப்பதனை யாரும் தொடவில்லை. பிளாஸ்டிக் பெட்டி ஈரத்தைத் தானாகவே தக்கவைக்கும்; மரப்பலகை விவேரியமோ மேலிருந்து வரும் வெப்பத்தில் விரைவாக உலர்ந்துவிடும், அதிலும் வீட்டு ஹீட்டிங் ஓடும் மாதங்களில். சட்டை ஒரே உரிப்பாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழிவதும், கண்மேல் செதில் தங்கிவிடுவதும் பெரும்பாலும் இதனால்தான். செய்தித்தாளை விட்டுவிட்டுத் தென்னை நார்த்தூளும் இரசாயனம் கலவாத மண்ணும் சேர்த்து நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்ணீரை மேலே தெளிப்பதைவிட மூலைகளில் ஊற்றி அடியில் ஊறவிடுவது நல்லது. மேற்பரப்பு எப்போதும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். ஈரப்பதனை 60 விழுக்காட்டை ஒட்டி வைத்து, சட்டை உரிக்கும் காலத்தில் சற்று உயர்த்தினால் போதும். பைன், சீடர் மரச்சீவல்கள் கூடவே கூடாது. பலகை மூட்டுகளை மீன்தொட்டிக்கான சிலிக்கோனால் அடைத்து, வாடை முற்றிலும் போகும்வரை காயவிடுங்கள்.

பிளாஸ்டிக் பெட்டியைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். நோயுற்ற பாம்பைக் கண்காணிக்கவும், உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவும் அதைப்போல் வசதியானது இல்லை. நிரந்தர வீடாக மட்டும் அதை நான் ஏற்கமாட்டேன்.

ஹாரோவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐந்தடியே வாங்க முடிவுசெய்துவிட்டேன். பாம்பு வந்த அன்றே புதிய இடத்தில் விடலாமா? மகள் கையில் எடுக்க ஆவலாக இருக்கிறாள்.

புற்றுக்கண் எழுதியது:

விடலாம், ஆனால் பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாக் கருவிகளையும் ஓடவிட்டு, இரவு பகல் அளவுகளை எழுதிவையுங்கள். வந்தபின் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர எதற்கும் தொந்தரவு செய்யாதீர்கள். அதன்பின் இரை கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வாரம்வரை விட்டுவிடுங்கள். இந்த எடையுள்ள பாம்பு சில வாரங்கள் உண்ணாமலிருப்பது பெரிய விடயமன்று, எடை தொடர்ந்து குறைந்தால்தான் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்லவேண்டும். இரண்டு முறை ஒழுங்காக இரை எடுத்தபின், உண்டு இரண்டு நாட்கள் கழிந்த ஒரு மாலையில், நீங்கள் அருகிலிருக்க மகள் எடுக்கட்டும். சால்மொனெல்லா கிருமி ஊர்வனவற்றில் இயல்பாக இருக்கக்கூடியது என்பதால், முடிந்ததும் அவள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவவேண்டும். தண்ணீர்ச் சட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

இன்னொன்று. இவை முப்பது ஆண்டுகள்கூட வாழ்பவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலையில் அறுபது வயதைக் கடந்த ஒன்று 2020இல் முட்டையிட்டது. உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகும்போதும் விவேரியம் உங்கள் முன்னறையில்தான் இருக்கும், ஆகவே மலிவான பலகையை வாங்காதீர்கள்.