அரென்ட்டைச் சேர்ந்து வாசிக்கிறோம். இருவர் மட்டுமே பேசுகிறார்கள். என்ன செய்யலாம்?

அகல்:
பொதுவாழ்வு குறித்த அரசியல் தத்துவ நூல்களைச் சேர்ந்து வாசிக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். எங்களில் யாரும் தத்துவத்தை முறையாகப் படித்தவர்கள் அல்லர். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டின் ‘தி ஹியூமன் கண்டிஷன்’ நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். இரண்டாம் அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டோம். கிரேக்கர்களுக்கு வீடு என்பது தேவைகளுக்கு அடங்கிய இடம், நகர அரசியலே சுதந்திரத்தின் இடம் என்று அவர் விளக்குகிறார். “அப்படியானால் அந்த வீட்டில் உழைத்த அடிமைகளும் பெண்களும்?” என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், மீதி நேரம் முழுக்க அன்றைய செய்திகளைப் பற்றிய வாக்குவாதத்தில் போயிற்று. அதிலும் பேசியவர்கள் இருவர்தான். நூலை மாற்றுவதா, முறையை மாற்றுவதா?

ஏட்டுச்சுரைக்காய்:
நூலை மாற்ற வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்டவரையும் கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் குழுவுக்கு இதுவரை கிடைத்ததில் உருப்படியானது அதுதான். அதற்கு விடை தேடி அன்றைய நாளிதழுக்குப் போனதுதான் கோளாறு. அதே அத்தியாயத்தில், தேவையின் பிடியிலிருந்து விடுபடுவதற்காக வீட்டுக்குள் அடிமைகளை வன்முறையால் அடக்கி ஆள்வது நியாயம் என்று கிரேக்கச் சிந்தனை கருதியதை அரென்ட் மறைக்காமல் எழுதுகிறார். அந்தப் பத்தியை உரக்கப் படித்துவிட்டு இதைக் கேளுங்கள்: அவர் கிரேக்கர்களின் கருத்தைச் சொல்கிறாரா, அதற்குத் தாமும் உடன்படுகிறாரா? எந்த வாக்கியத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு மாலைப் பொழுது அதற்கே போதாது.

நான் நடத்தும் வட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் சுற்றில் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். செய்தியை இழுத்து வருபவர், அது நூலின் எந்த வரியைச் சோதிக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் தொடரலாம். பெரும்பாலோரால் காட்ட முடிவதில்லை. பேச்சு தானாக நூலுக்குத் திரும்பிவிடும். அதிகம் பேசுபவரிடம் குறிப்பெடுக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். கை எழுதிக்கொண்டிருந்தால் வாய் கொஞ்சம் ஓயும்.

ஆனால் இருவர் மட்டுமே பேசுவதை வெறும் நிர்வாகச் சிக்கலாகப் பார்க்காதீர்கள். நீங்கள் படிக்க உட்கார்ந்த பொருளே அதுதான். ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில், லண்டன் காபி இல்லங்களிலும் பிரெஞ்சு வரவேற்பறைக் கூட்டங்களிலும் உருவான பொதுவெளியில், அதாவது தனிமனிதர்கள் கூடிப் பொது விஷயங்களை விவாதிக்கும் களத்தில், ஆளின் அந்தஸ்தைவிட வாதமே எடைபோடப்பட வேண்டும் என்ற கொள்கை இருந்தது என்கிறார். பெண்ணியத் தத்துவவாதி நான்சி ஃப்ரேசர் 1990இல் எழுதிய கட்டுரையில் அதன்மேல் கைவைக்கிறார். அந்தஸ்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டதாகப் பாவனை செய்தால் அது போய்விடாது என்பது அவர் வாதம். கலந்துரையாடல்களில் பெண்களின் பேச்சில் ஆண்கள் அடிக்கடி குறுக்கிடுவதையும், அதிகமாகவும் நீளமாகவும் பேசுவதையும், பெண்கள் சொல்வது கண்டுகொள்ளப்படாமல் போவதையும் காட்டும் ஆய்வுகளை அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்தப் பகுதியை உங்கள் பேச்சாளர்கள் இருவரையும் மாறி மாறி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் தர வேண்டாம்.

நிழற்குடை:
அரென்ட்டில் தொடங்கியதே தவறு என்பேன். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1927இல் எழுதிய ‘தி பப்ளிக் அண்ட் இட்ஸ் பிராப்ளம்ஸ்’ புதியவர்களுக்கு எளிது. செருப்பு எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவருக்குத்தான் தெரியும், அதை எப்படிச் சரிசெய்வது என்பது செம்மானுக்குத் தெரியும் என்று அவர் சொல்லும் இடம் ஒன்று போதும்; நிபுணருக்கும் குடிமக்களுக்கும் உள்ள உறவு பற்றி எல்லாரும் பேச வருவார்கள். பொதுமக்களிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம் என்ற அதே காலத்து அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மனின் வாதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விறுவிறுப்பு கூடும்.

கோரைப்பாய்:
பொது உலகம் ஒரு மேசைபோல மனிதர்களை இணைக்கவும் செய்கிறது, விலக்கியும் வைக்கிறது என்று அரென்ட் சொல்கிறாரே. வாசிப்புக் குழுவுக்கு நூல்தானே அந்த மேசை?

ஏட்டுச்சுரைக்காய்:
கோரைப்பாய், கேட்க அழகாகத்தான் இருக்கிறது, சுவரொட்டியில் போடலாம். ஆனால் அந்த உவமையின் அடுத்த பாதியையும் படியுங்கள். ஆவிகளை அழைக்கும் கூட்டத்தில் ஏதோ மாயத்தால் மேசை மறைந்துவிடுகிறது. எதிரெதிரே இருப்பவர்களைப் பிரிக்க இப்போது ஒன்றும் இல்லை, இணைக்கவும் ஒன்றும் இல்லை. வெகுஜன சமூகத்தின் சங்கடம் இதுதான் என்கிறார். ஒரு தலைமுறையின் ஆயுளைத் தாண்டி நிற்கும் உலகத்தைப் பற்றி அவர் பேசுகிறார். ஒரு மாலைக் கூட்டத்துக்கு அதை அப்படியே பொருத்துவது நூலைச் சுருக்கிவிடும்.

நிழற்குடை, டூயி எளிது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செருப்பு உவமை எளிது, அவர் உரைநடை அப்படியல்ல. எளிதாகத் தொடங்கத்தான் வேண்டுமென்றால், அறிவொளி (Enlightenment) என்றால் என்ன என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1784இல் எழுதிய சிறு கட்டுரை இருக்கிறது. வரி கட்ட மறுக்க முடியாத குடிமகன், அந்த வரி அநியாயம் என்று வாசகர் உலகின் முன் எழுதலாம் என்கிறார். கீழ்ப்படிந்துகொண்டே விமர்சிப்பது போதுமா என்று கேட்டுப் பாருங்கள், தலையாட்டுபவர்களும் பேசுவார்கள்.

அகல்:
அடுத்த கூட்டத்துக்கு அடிமைகள் பற்றிய அந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு ஃப்ரேசர். குறிப்பேட்டை யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இந்த இழையைப் படிக்கிறாரா என்பதில்தான் சந்தேகம்.