பிங்யாவ் 3 நாள் பாஸ்: ரிஷெங்சாங் வாசலில் இரண்டு பேருக்கு மட்டும் சிவப்பு விளக்கு, என்ன செய்வது?

தெற்குவீதி (கேள்வி)

சீனாவில் பிங்யாவ் பழைய நகருக்குப் போனவங்க யாராவது இருந்தா சீக்கிரம் சொல்லுங்க. நான், அப்பா, அம்மா மூணு பேரும் பழைய நகருக்குள்ளேயே தங்கியிருக்கோம். நேத்து மத்தியானம் ஒரு பயணச் செயலியில் உள்ளே இருக்கிற இடங்களைப் பார்க்க 3 பேருக்கு 3 நாள் பாஸ் எடுத்தேன். ஆளுக்கு 125 யுவான். வடக்கு வாசலில் நகர மதில் ஏறும்போது அங்கே நின்றவர் என் போனில் க்யூஆர் கோடை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு மூணு பேரையும் கைகாட்டி உள்ளே விட்டுட்டார். இன்னிக்குக் காலையில் ரிஷெங்சாங்கில் (பழைய காலத்து வங்கிக் கட்டடம்) அதே க்யூஆர் கோடு காட்டினேன். அப்பாவுக்குத் திறந்தது. அம்மாவுக்கும் எனக்கும் சிவப்பு. பாஸ்போர்ட்டை இயந்திரத்து மேல வெச்சும் பார்த்தாச்சு, அசையலை.

கூடவே ரெண்டு கேள்வி. அம்மாவுக்கு முட்டி வலி, மதிலில் பாதியிலேயே இறங்கிட்டோம். மறுபடி ஏற விடுவாங்களா? 3 நாள்னா 72 மணி நேரமா, தேதிக் கணக்கா?

நாலுகட்டு

பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்துப் பயனில்லை. அந்த இடம் சீனக் குடிமக்களின் அடையாள அட்டையில் இருக்கும் சிப்பைப் படிப்பதற்காக வைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் கோடைக் காட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போக வேண்டும். "ரென்கோங்" என்று சொன்னால் அந்த வழியைக் காட்டுவார்கள். "ஹூஜாவ்" என்றால் பாஸ்போர்ட்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு தடயம் இருக்கிறது: "அதே க்யூஆர் கோடு". இந்தப் பாஸ் பெயர் பதிவு முறையில் நடப்பது. ஒரு பாஸ்போர்ட் எண்ணுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு இடத்தில் ஒரே ஒரு நுழைவு. மூன்று பேருக்கு ஒரே ஆர்டரில் வாங்கினாலும் உள்ளே மூன்று தனிக் கோடுகள் இருக்கும். போனில் தெரிவது முதல் கோடு மட்டும். அதை அப்பா உள்ளே போகும்போது இயந்திரம் "பயன்படுத்தியாச்சு" என்று குறித்துவிடும். அடுத்து அதையே காட்டினால் சிவப்பு வராமல் என்ன வரும்?

இதைச் செய்துவிட்டு எழுதுங்கள்: ஆர்டரைத் திறந்து கோடு இருக்கும் படத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு கோடுக்கும் கீழே இருக்கும் பாஸ்போர்ட் எண்ணைப் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சிவப்பு வரும்போது திரையில் ஒரு சீன வரி வரும். அதைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். "ஏற்கெனவே நுழைந்தாயிற்று" என்பதும் "பதிவு இல்லை" என்பதும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து.

சீட்டுக்கிழிசல்

மதில் விஷயம். அதுவும் பாஸில் ஓர் "இடம்"தான், நுழைவு ஒரு முறைதான். இறங்கிவிட்டால் அந்தச் சீட்டில் திரும்ப ஏற முடியாது. மதிலுக்கு மட்டும் தனிச் சீட்டும் கிடையாது, மறுபடி வேண்டுமென்றால் முழுப் பாஸ்தான். அதனால்தான் மதிலைக் கடைசி நாளுக்கு, வெயில் தாழ்ந்த நேரத்துக்கு வைக்கச் சொல்வது. சுற்றளவு 6 கி.மீ.க்குச் சற்று மேல், உயரம் 12 மீட்டர் வரை. மேலே நிழல் இல்லை, இறங்கும் இடங்களும் குறைவு. கண்காணிப்பு மாடங்கள் 72, அம்பு விடும் இடைவெளிகள் 3000. கன்ஃபூசியஸின் 72 உயர்ந்த சீடர்கள், 3000 மாணவர்கள் என்ற கணக்கு என்பார்கள்.

மழை பெய்தால் மதிலை மூடிவிடுவார்கள், அதையும் மனதில் வையுங்கள். 2021 அக்டோபர் தொடர்மழையில் ஒரு பகுதி சரிந்தே போனது. உள்ளே இருப்பது இடித்துக் கெட்டித்த மண், வெளியேதான் செங்கல். தண்ணீர் இறங்கினால் மண் ஊதிவிடும்.

3 நாள் என்பது தேதிக் கணக்கு. முதல் நாள் மத்தியானம் எடுத்தவருக்கு அந்த அரை நாள் போனது போனதுதான். கடைசித் தேதி சீட்டிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். இனி போகிறவர்களுக்கு: பழைய நகருக்குள் நுழைய, தெருவில் நடக்க, சாப்பிடக் காசே கிடையாது. பாஸ் உள்ளே இருக்கும் 20 சொச்சம் இடங்களுக்கு மட்டும். சாயங்காலம் வந்து சேர்ந்தால் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வாங்குங்கள்.

தெற்குவீதி

நாலுகட்டு சார், நீங்க சொன்னதேதான்! பக்கவாட்டில் தள்ளினா மூணு கோடு இருக்கு. நான் முதல் கோடையே எல்லாருக்கும் காட்டியிருக்கேன். ரெண்டாவது கோடில் என் எண் சரியா இருக்கு. மூணாவதில் அம்மாவோட பாஸ்போர்ட் எண்ணில் முதல் எழுத்துக்கு அடுத்து பூஜ்யம் வரணும், நான் ஆங்கில "ஓ" போட்டிருக்கேன். இதை இங்கேயே மாத்த முடியுமா, புதுச் சீட்டுத்தான் வாங்கணுமா?

நாலுகட்டு

இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பின்னால் ஏழு இலக்கம். இரண்டாவது இடத்தில் "ஓ" வர வாய்ப்பே இல்லை, ஆனால் செயலிக்கு அது தெரியாது, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

உங்கள் கோடு இப்போதே வேலை செய்யும், போய்க் காட்டுங்கள். திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், சில கோடுகள் அவ்வப்போது மாறும். அம்மாவின் கோடும் இயந்திரத்தில் பெரும்பாலும் திறக்கும், ஏனென்றால் இயந்திரம் பார்ப்பது கோடை, எண்ணை அல்ல. ஆளைச் சரிபார்க்கும் வழியில் போனால்தான் மாட்டும். ஒவ்வொரு வாசலிலும் இந்தப் பயத்தோடு நிற்பதற்குப் பதில் இப்போதே தீர்த்துவிடுங்கள். செயலியில் திருத்த முயலாதீர்கள். ஆர்டரை ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொல்லும், ஒரே ஆர்டரில் பயன்படுத்திய சீட்டும் இருப்பதால் பணம் திரும்பாமல் தொங்கும். வாசல் பக்கத்துச் சீட்டுக் கவுண்டருக்கு அம்மாவையும் பாஸ்போர்ட்டையும் அழைத்துப் போங்கள். ஆர்டர் எண் திரையில் இருக்கட்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரே வரி போதும்: "பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து தவறு, காகிதச் சீட்டு அச்சடித்துத் தர முடியுமா?" காகிதம் கைக்கு வந்தால் போன் சார்ஜ் இறங்கும் கவலையும் போகும். விடுதி வைஃபையில் கூகுள் மொழிபெயர்ப்பு திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங்கில் திறக்கும், அல்லது மொழிக் கோப்பை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

ரிஷெங்சாங்குக்குள் போனதும் ஒன்றைக் கவனியுங்கள். 1823-இல், சாயக்கடையாக இருந்த இடத்தில் தொடங்கிய உண்டியல் கடை, அதாவது அந்தக் கால வங்கி அது. ஓர் ஊரில் வெள்ளியைக் கட்டிவிட்டு, வேறு ஊர்க் கிளையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கள்ளச் சீட்டு வராமல் இருக்க மாதம், நாள், தொகை எல்லாவற்றையும் எண்ணில் எழுதாமல் எழுத்தில் மறைத்தார்கள். 12 மாதங்களுக்கு 12 எழுத்து. சேர்த்துப் படித்தால் "போலிச் சீட்டு குறித்து எச்சரிக்கையாயிரு, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே" என்று பொருள் வரும். ஓர் எழுத்து பிசகினால் காசு கிடையாது. உங்கள் "ஓ"வுக்கு இந்த ஊரில் பழைய சொந்தம் உண்டு.

மெதுநடை

முட்டி வலி என்பதால் இரண்டு விஷயம். பிங்யாவில் படிக்கட்டைவிடத் தொல்லை தருவது வாசற்படிகள். ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒரு மரத்தடுப்பு, சில முழங்கால் பாதி உயரம். ரிஷெங்சாங், பழைய கச்சேரி (அந்தக் கால அரசு அலுவலகம்) இரண்டும் முற்றத்துக்குப் பின் முற்றமாகப் போகும் கட்டடங்கள். தாண்டும்போது தடுப்பின் மேல் காலை வைக்காமல் பக்கவாட்டில் தாண்டச் சொல்லுங்கள், கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, வரிசை. எல்லா இடத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஓடுவது வீண். பாதி இடங்கள் ஒரே மாதிரி வணிகர் வீடுதான். இன்று மேற்குப் பக்கம்: ரிஷெங்சாங், பிறகு கச்சேரி. கச்சேரியில் பழைய நீதிமன்ற விசாரணையை நடித்துக் காட்டுவார்கள், நேரம் வாசல் பலகையில் இருக்கும், அதற்குத் தக்கபடி நுழையுங்கள். வெளியே வந்துவிட்டு நாடகத்துக்குத் திரும்பலாம் என்றால் விடமாட்டார்கள். நாளை கிழக்குப் பக்கம்: கன்ஃபூசியஸ் கோயில், ஊர்க்காவல் தெய்வத்தின் கோயில், சிங்ஷூ தாவோ கோயில். கன்ஃபூசியஸ் கோயிலின் பெரிய மண்டபம் 1163-இல் கட்டியது, அதை மட்டும் விடவேண்டாம். உண்டியல் கடை இன்னொன்று பார்க்க ஆசை என்றால் ஷியேதோங்சிங் போதும், தரைக்கடியில் வெள்ளி வைத்த அறை இருக்கிறது, ஆனால் இறங்க வேண்டும்.

பாட்டரி வண்டிக்குத் தனிக் காசு. பாஸில் இல்லாத தனியார் வீடுகளும் "அருங்காட்சியகம்" என்று பலகை மாட்டிக் காசு கேட்கும். பாஸின் பின்பக்கப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

சீட்டுக்கிழிசல்

கவுண்டரில் வாங்குபவர்களுக்காக ஒரு வரி. அலிபே என்ற சீனப் பணம் செலுத்தும் செயலியில் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு இணைத்திருந்தால் ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் செலுத்தும்போது 3 சதவீதம் கூடப் பிடிக்கும், அதற்குள் என்றால் பிடிக்காது. மூன்று பாஸ் 375 யுவான், சேர்த்துக் கட்டினால் 11 யுவான் 25 காசு நட்டம். ஆளுக்கு 125 என்று மூன்று தடவையாகக் கட்டுங்கள். கார்டை இணைக்கும் வேலையை ஊரிலேயே முடியுங்கள், வங்கியின் ஓடிபி அங்கே வந்து சேராமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். இந்தியக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து வைக்கவும் வேண்டும்.

தெற்குவீதி

முடிஞ்சது! கவுண்டரில் அம்மாவுக்குக் காகிதச் சீட்டு அடிச்சுக் கொடுத்துட்டாங்க, நானும் என் கோடில் உள்ளே வந்தாச்சு. ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு: ஷுவாங்லின் கோயில் இந்தப் பாஸில் வருமா? அப்பாதான் ரொம்பக் கேக்கறார். மதிலையும் முழுசா பார்க்கலைன்னு அவருக்குக் குறை.

நாலுகட்டு

வராது. ஷுவாங்லின் நகருக்குத் தென்மேற்கே 6 கி.மீ. வெளியே, தனிச் சீட்டு. ஜென்குவோ கோயிலும் அப்படியே, அது வடகிழக்கே 12 கி.மீ. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் பழைய நகரும் இந்த இரண்டு கோயில்களும் சேர்ந்தே இடம்பெற்றதால் பாஸிலும் சேர்ந்திருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஷுவாங்லின் போங்கள். வண்ணம் பூசிய மண் சிலைகள் ஆயிரத்துக்கும் மேல், அப்பா அரை நாள் நகரமாட்டார். மண்டபங்களுக்குள் இருட்டு, சிறு டார்ச் எடுத்துப் போகலாம், ஆனால் சிலைமேல் நேராக அடிக்காதீர்கள்.

மதில் பற்றி ஒரு சின்ன விஷயம். நேற்று வடக்கு வாசலில் ஸ்கேன் ஆனது முதல் கோடு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கணினிக் கணக்கில் மதில் ஏறியவர் அப்பா ஒருவர்தான். உங்கள் கோடிலும் அம்மாவின் சீட்டிலும் மதில் இன்னும் பாக்கி. நாளைச் சாயங்காலம் தெற்கு வாசலில் காட்டிப் பாருங்கள், பச்சை வந்தால் ஏறலாம்.

தெற்குவீதி

அப்போ ஆசைப்படற அப்பா கீழே, முட்டி வலிக்கிற அம்மா மேலேயா?!

சீட்டுக்கிழிசல்

பாக்கி இருக்கும் சீட்டு அம்மா பெயரில் இருக்கிறது, என்ன செய்ய. மதிலின் வெளிப்புறமாக அடியோடு நடக்கக் காசு வேண்டாம். செங்கல்லும் மாடங்களும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். தெற்கு வாசலில் தொடங்கி மேற்குப் பக்கமாக அப்பாவைப் போகச் சொல்லுங்கள், அந்த நேரத்து வெயில் அந்தப் பக்கச் சுவரில்தான் விழும்.