புதுப்பிப்பு: தானாகப் பிரேக் போட்ட என் கார்

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் தோ பாயோ வெளிவழி அருகே, முன்னால் வண்டியே இல்லாதபோது என் கார் தானாகப் பிரேக் போட்டதையும், பின்னால் வந்த லாரி ஓட்டுநரின் நிதானத்தால் தப்பித்ததையும், மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் போடும் அந்த வசதியை இனி அணைத்தே வைக்கப்போவதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

"அண்மையில் முன்கண்ணாடி மாற்றினீர்களா?" என்று ஓர் அன்பர் கேட்டார். மாற்றியிருந்தேன், கல் தெறித்து விரிசல் விட்டிருந்தது. முன்னால் உள்ள வண்டிகளைக் கண்டு பிரேக் போடவைப்பது அந்தக் கண்ணாடியின் உட்புறம் பொருத்தப்பட்டிருக்கும் கேமராதான். அதன் கோணம் ஒரே ஒரு பாகை பிசகினால், 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 1.7 மீட்டர், அதாவது அரைத் தடம் தள்ளிப்போகும். பக்கத்துத் தடத்து வண்டி நம் தடத்தில் நிற்பதாகக் கணக்காகிவிடும். கண்ணாடி மாற்றிய கடை கேமராவை அளவுதிருத்தவும் இல்லை, திருத்தவேண்டும் என்று சொல்லவும் இல்லை. வேறொரு பட்டறையில் டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, கட்டம் போட்ட பலகையைக் காருக்கு முன் அளந்து நிறுத்தி, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

அணைத்து வைப்பேன் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இதைக் கட்டாயமாக்கியது காரணமின்றி அல்ல. ஆயினும் சந்தேகப்படுவோரைப் பத்தாம்பசலிகள் என்று கேலி செய்வது நியாயமன்று: கேமரா பிசகியிருந்த அத்தனை நாளும் முகப்பில் ஓர் எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை.

தோ பாயோ வெளிவழி நெருங்கினால் என் மனைவி இன்னும் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார்.