மரபணுக் கருத்துவலை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

வணக்கம் ஐயா, நண்பர்களே.

'ஜீன் ஆன்டாலஜி'க்கு ஐயா முன்வைத்த 'மரபணு மெய்ப்பொருளியல்' என்பதை ஏற்கத் தயங்குகிறேன். 'இயல்' என்று முடிந்தால் படிப்பவர் அதை ஒரு துறையாகவே கொள்வார். இதுவோ, புரதம் ஒன்று என்ன செய்கிறது என்பதை எல்லா ஆய்வகங்களும் ஒரே சொல்லால் பதிவுசெய்யும் பொருட்டு ஒன்றோடொன்று தொடுத்துவைத்த சொற்தொகுதி. ஈஸ்ட், பழ ஈ, சுண்டெலி ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்களைப் பேணியவர்கள், ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கினால் ஒப்பிட இயலாது என்பதாலேயே 1998-இல் இதைத் தொடங்கினர்.

சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைப் பாருங்கள். எலக்ட்ரானைக் கடத்துவது அதன் மூலக்கூற்று வினை; உயிரணு ஆற்றல் பெறும் சுவாசம் அது பங்கேற்கும் உயிரியல் நிகழ்முறை; மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி அதன் இருப்பிடம். அதே புரதம் அங்கிருந்து கசிந்து உயிரணுக்கூழை அடைந்தால் உயிரணுவின் தன்னழிவைத் தூண்டுகிறது. வினை, நிகழ்முறை, இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தால்தான் இந்த இரட்டைப் பணி விளங்கும்.

இதற்கு நண்பர் ஒருவர் எழுதிய 'வகைமரம்' என்ற பெயர் நெருங்கி வருகிறது. ஆனால் மரத்தில் ஒரு கிளைக்குத் தாய்க்கிளை ஒன்றுதான். இங்கே 'ஹெக்சோஸ் (ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட ஒற்றைச்சர்க்கரை) உருவாக்கம்' என்ற சொல், 'ஹெக்சோஸ் வளர்சிதைமாற்றம்', 'ஒற்றைச்சர்க்கரை உருவாக்கம்' என்னும் இரண்டுக்கும் கீழே வருகிறது. ஆகவே வலை என்பதே சரி. 'சொல்வலை' என்பது, சொற்களைப் பொருளுறவால் இணைக்கும் தரவுத்தளமான வேர்ட்நெட்டுக்கு ஏற்கெனவே வழங்குவதால், 'மரபணுக் கருத்துவலை' என்று முன்மொழிகிறேன்.

கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை ஆறாம் ஆண்டோடு முடித்து, படிவம் நான்கு, ஐந்தில் உயிரியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். பின்னாளில் தமிழில் இதை வாசிக்க வரும் அவர்களுக்கு, பெயரைக் கேட்டதுமே அமைப்பு மனத்தில் எழ வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். புரதத்தோடு இச்சொற்களை இணைக்கும் ஒவ்வொரு பதிவிலும் சான்றுக் குறியீடு ஒன்று இருக்கும். நேரடிச் சோதனையில் கண்டதா, ஆள் சரிபார்க்காமல் கணினி தானே இட்டதா என்பதை அது காட்டிவிடும். அந்தப் பதிவை 'வினைக்குறிப்பு' என்பதா, 'விளக்கக்குறிப்பு' என்பதா? இருப்பிடத்தையும் அது சொல்வதால் பின்னதே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.